வாட், ஆம்ப்ஸ், ஓம் கணக்கு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

வீட்டு வயரிங், மோட்டார் ரிப்பேர் என்று 20 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. சூத்திரம் இரண்டுதான். வோல்டேஜை ஆம்ப்ஸால் (ஓடும் கரண்ட்டின் அளவு) வகுத்தால் ஓம் (மின்தடை), வோல்டேஜையும் ஆம்ப்ஸையும் பெருக்கினால் வாட் (எடுக்கும் மின்சக்தி). இரண்டும் எல்லோருக்கும் மனப்பாடம், ஆனால் எதை எங்கே போடுவது என்பதில்தான் குழப்பம். கேள்விகள் வந்த வரிசையிலேயே போகிறேன்.

கேள்வி: அண்ணே, வாளியில் போடும் ஹீட்டர் வாங்கினேன். 230 வோல்ட், 1500 வாட் என்று போட்டிருக்கிறது. எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கும், மின்தடை எவ்வளவு?

பதில்: 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.5 ஆம்ப்ஸ். 230-ஐ அந்த 6.5-ஆல் வகுத்தால் 35 ஓம் சொச்சம். ஹீட்டரைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, பிளக்கில் எர்த் தவிர்த்த இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண் காட்டும். 6 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் அடாப்டர் போட்டுச் செருகாதீர்கள், 16 ஆம்ப்ஸ் பாயிண்ட்தான் இதற்கு.

கேள்வி: எங்கள் தெருவில் சாயங்காலம் 180 வோல்ட்தான் வருகிறது. அப்போது ஹீட்டர் கரண்ட்டைக் கூட்டி இழுக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வாட் மாறாது, வோல்டேஜ் குறைந்தால் ஆம்ப்ஸ் ஏறித்தானே ஆக வேண்டும் என்கிறார். சரியா?

பதில்: நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஹீட்டரில் மாறாமல் இருப்பது வாட் இல்லை, உள்ளே இருக்கும் கம்பியின் 35 ஓம்தான். 180-ஐ 35.3-ஆல் வகுத்தால் 5.1 ஆம்ப்ஸ், அதை 180-ஆல் பெருக்கினால் 918 வாட். வோல்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட, வாட்டோ 40 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது, ஏனென்றால் வோல்டேஜ் குறையும்போது ஆம்ப்ஸும் சேர்ந்து குறைகிறது. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுவர முழு வோல்டேஜில் 12 நிமிஷம் போதும், இதில் 19 நிமிஷம் ஆகும். லேபிளில் இருக்கும் 1500 என்பது 230 வோல்ட் வந்தால் மட்டும்தான்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. டிவி, கம்ப்யூட்டர் பவர் சப்ளை எல்லாம் தனக்கு வேண்டிய வாட்டை எப்படியும் எடுத்துக்கொள்ளும், அங்கே வோல்டேஜ் குறைந்தால் ஆம்ப்ஸ் ஏறத்தான் செய்யும். தண்ணீர் இறைக்கிற மோட்டாரும் லோ வோல்டேஜில் திணறிக்கொண்டு கூடுதலாக இழுத்துக் காயில் கருகுவது அதனால்தான்.

கேள்வி: சார், 100 வாட் குண்டு பல்பை மீட்டரில் பார்த்தால் 40 ஓம் காட்டுகிறது. கணக்குப்படி 529 வர வேண்டும். மீட்டர் போய்விட்டதா?

பதில்: மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்தது ஆறிப்போன டங்ஸ்டன் இழை. எரியும்போது அது 2000 டிகிரிக்கு மேல் போய்விடும், மின்தடையும் பத்துப் பன்னிரண்டு மடங்கு ஏறிவிடும். சுவிட்ச் போடும் அந்தக் கணத்தில் 40 ஓம்தான் என்பதால் 5 ஆம்ப்ஸுக்கு மேல் பாயும். பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே 'டப்' என்று போனது ஞாபகம் இருக்கிறதா?

கேள்வி: 1 எச்பி மோட்டார் காயில் 4 ஓம் காட்டுகிறது. அப்படியானால் 57 ஆம்ப்ஸ் இழுக்க வேண்டுமே?

பதில்: ஓடுகிற மோட்டாருக்கு அந்த வகுத்தல் செல்லாது. சுற்றும்போது அதற்குள்ளேயே எதிர் வோல்டேஜ் உண்டாகிக் கரண்ட்டை அடக்கிவிடும். வயரைக் கவ்விப் பிடித்து ஆம்ப்ஸ் காட்டுகிற கிளாம்ப் மீட்டர் போட்டு அளந்து பாருங்கள். அதையும் 230-ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடாது, பவர் ஃபேக்டரால் (அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு நிஜ வாட் என்று சொல்லும், ஒன்றுக்குக் குறைவான எண்) இன்னொரு முறை பெருக்க வேண்டும்.

கேள்வி: கீசர் பிளக் தொட முடியாத அளவு சுடுகிறது, ஒரு பின் கறுத்துவிட்டது. கீசர் வாட் அதிகமாகிவிட்டதா?

பதில்: கீசரை விடுங்கள், சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு. உள்ளே பித்தளைப் பட்டை தளர்ந்து பின்னைச் சரியாகக் கவ்வாமல் இருக்கும், இல்லையென்றால் வயர் முறுக்கிய ஸ்க்ரூ லூஸாக இருக்கும். அந்த இடத்தில் அரை ஓம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2000 வாட் கீசர் 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். அந்த அரை ஓமில் விழும் வோல்டேஜ் 8.7 பெருக்கல் 0.5, அதாவது 4 வோல்ட் சொச்சம்; அதை மறுபடி 8.7-ஆல் பெருக்கினால் 38 வாட். நாங்கள் ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சோல்டரிங் அயர்னே 25 வாட்தான்! அதைவிட அதிக வாட்டைச் சூடாகக் கக்கும் ஒன்று உங்கள் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் தினமும் எரிகிறது. கீசருக்குப் போய்ச் சேர்வதில் குறைவது 4 வோல்ட்தான், அதனால் தண்ணீர் எப்போதும் போலச் சுடும், யாரும் கவனிப்பதில்லை. சாக்கெட்டை மாற்றுங்கள், கறுத்த பிளக்கையும் சேர்த்து. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதெல்லாம் ஒரு வாரத்துக்கு வரும்.

கேள்வி: இன்வெர்ட்டருக்குப் பேட்டரி வயர் மட்டும் ஏன் விரல் தடிமன்?

பதில்: 600 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 50 ஆம்ப்ஸ், 230-இல் எடுத்தால் 2.6-தான். சூடு ஆம்ப்ஸின் வர்க்கத்தோடு ஏறும், அதனால் அங்கே மெல்லிய வயர் போட்டால் கையைச் சுடும்.

கேள்வி: தம்பி புதிதாக மீட்டர் வாங்கியிருக்கிறான். சாக்கெட்டில் எத்தனை ஆம்ப்ஸ் வருகிறது என்று அளக்கலாமா?

பதில்: அம்மா, அவன் கையிலிருந்து உடனே வாங்கி வையுங்கள். சாக்கெட்டில் ஆம்ப்ஸ் காத்துக்கொண்டிருப்பதில்லை, மாட்டுகிற பொருளைப் பொறுத்துத்தான் அது வரும். ஆம்ப்ஸ் அளக்கிற துளையில் ப்ரோபைச் செருகிய மீட்டர் ஏறக்குறைய வெறும் கம்பி மாதிரி, அதை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தால் நேர் ஷார்ட். வேலை கற்றுக்கொண்ட புதிதில் நானே செய்திருக்கிறேன். ப்ரோபின் முனை உருகிக் குண்டுமணி மாதிரி உருண்டு போனது. அதை இன்னும் டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன், புதிதாகச் சேருகிற பையன்களுக்குக் காட்டுவதற்கு.