கேளுங்கள், வாத்தியார் சொல்கிறேன்

(பதில் சொல்பவர் மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப் பட்டறை வீட்டில் பிறந்து, பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.)

தங்கச் சுரங்கத்தில் சயனைடு ஊற்றித்தான் தங்கம் எடுக்கிறார்களாமே? அப்படியென்றால் என் தாலியிலும் விஷம் ஒட்டியிருக்காதா? – வாசகி, திருமங்கலம்

ஒட்டியிருக்காது, அம்மா. நிம்மதியாகப் போட்டுக்கொள்ளுங்கள். உலோகமாகப் படியும்போதே தங்கம் சயனைடைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறது. அதற்குப் பிறகு 1,064 டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். அந்தச் சூட்டில் சயனைடு தங்காது.

சயனைடு எதற்கு என்பதுதான் சுவாரசியம். ஒரு டன் பாறையில் நான்கு கிராம் தங்கம் இருந்தாலே அது நல்ல சுரங்கம். உங்கள் கணக்கில் சொன்னால், ஒரு பவுனுக்கு இரண்டு டன் கல். அதுவும் கண்ணுக்கே தெரியாத துகளாகக் கல்லோடு கல்லாகக் கிடக்கும்.

எங்கள் வீட்டிலும் சின்ன அளவில் இந்தப் பாடு உண்டு. அப்பா அரம் போடும்போது சிதறும் அரப்பொடி, பட்டறையைக் கூட்டிய மண், எல்லாம் ஒரு டின்னில் சேரும். (கடையில் சேதாரம் என்கிறார்களே, அதில் கொஞ்சம் அந்த டின்னில்தான் இருந்தது. அப்பா காதுபடச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.) வருஷத்துக்கு ஒரு முறை மண் கழுவுகிறவர் வருவார். அலசிய மண்ணில் பாதரசம் விட்டுப் பிசைந்தால் தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடு காட்டிப் பாதரசத்தை ஆவியாக ஓட்டிவிடுவார். அந்தப் புகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் வாய்ப்பாடு படித்தேன். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

பாதரசம் கொஞ்சம் பெரிய துகளைத்தான் பிடிக்கும். நுண்துகளுக்கு வழி கண்டவர்கள் கிளாஸ்கோவில் ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும். ஆண்டு 1887. சாதாரண அமிலம் எதற்கும் மசியாத தங்கம், காற்று கூட இருந்தால் சயனைடு நீரில் கரைந்துவிடும். கல்லை மாவாக அரைத்து, தொட்டியில் கரைத்து, காற்றை ஊதி ஒரு நாள், இரண்டு நாள் கலக்குவார்கள். லிட்டருக்கு அரை கிராம் சயனைடே பெரும்பாலும் போதும். முதலில் சுண்ணாம்பு போடுவது முக்கியம். புளிப்பு ஏறினால் சயனைடு விஷவாயுவாகக் கிளம்பிவிடும். அதை அடக்கி வைப்பது அந்தச் சுண்ணாம்புதான்.

கரைந்ததைத் திரும்பப் பிடிக்க முன்பு துத்தநாகத் தூள் போட்டார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் கரி, அதுவும் தேங்காய்ச் சிரட்டைக் கரி! சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, கடுஞ்சூட்டில் நீராவி காட்டினால் அதற்குள் கோடிக்கணக்கான நுண்துளைகள் திறக்கும். தங்கம் போய் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். சிரட்டைக் கரி கெட்டி, கலக்கக் கலக்கச் சீக்கிரம் பொடியாகாது. பொடிந்தால் ஒட்டிய தங்கமும் சேற்றோடு போய்விடுமே! பிறகு சூடான காரநீரில் கரியிலிருந்து தங்கத்தைக் கழற்றி, மின்சாரம் பாய்ச்சிப் படிய வைக்கிறார்கள். சோழவந்தான் பக்கம் சிரட்டை மூட்டை ஏற்றிய வண்டியைப் பார்த்தால் எனக்கு இதெல்லாம் ஞாபகம் வரும். என் வீட்டம்மாவுக்கு நான் ஆரம்பிக்கப்போகும் பிரசங்கம் ஞாபகம் வரும்.

கோலார் தங்கவயலில் உறவினர் வீட்டுக்குப் போனபோது மலை மாதிரி ஒரு ‘சயனைடு மேடு’ காட்டினார்கள். சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் அதில் விஷம் இருக்குமா? – வாசகர், மேலூர்

தங்கவயல் மூடியது 2001 பிப்ரவரி 28. நூற்றிருபது வருஷம் தோண்டி, சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். தங்கம் போனபின் மிஞ்சிய கல்மாவுதான் நீங்கள் பார்த்த மேடு. வெயிலும் காற்றும் பட்டால் சயனைடு பெரும்பகுதி சிதைந்துவிடும். பேரில் சயனைடு இருப்பதால் எல்லோரும் அதற்கே பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது காற்றில் பறக்கும் தூசிக்கு. அரைத்த கல்மாவு நுரையீரலுக்குள் போனால் லேசில் வெளியே வராது. பாறையிலிருந்த உலோகங்களும் சிதையாமல் அதிலேயே கிடக்கும்.

சயனைடு நிஜமாகவே பழிவாங்குவது தண்ணீரில் கலக்கும்போதுதான். 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவில் பாயா மாரே ஊருக்குப் பக்கத்தில் கழிவுக் குளத்தின் கரை உடைந்து, சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் ஆற்றில் இறங்கியது. அது திசா ஆற்றின் வழியே டான்யூப் நதி வரை போனது. தங்கம் எடுத்தது ருமேனியாவில். மீன் செத்து மிதந்தது பக்கத்து நாடான ஹங்கேரியில்.

பழைய கம்ப்யூட்டர் போர்டைத் திராவகத்தில் போட்டு வீட்டிலேயே தங்கம் எடுக்கும் வீடியோ பார்த்தேன். மொட்டை மாடியில் செய்து பார்க்கலாமா சார்? – கல்லூரி மாணவர், வாடிப்பட்டி

கூடாது தம்பி. நைட்ரிக் அமிலத்திலிருந்து கிளம்பும் பழுப்புப் புகையை இழுத்தவனுக்கு அப்போது இருமல் மட்டும் வரும். மூச்சு முட்டுவது பல மணி நேரம் கழித்து, தூங்கப் போன பிறகாகவும் இருக்கலாம். வீடியோவில் அந்த ராத்திரியைக் காட்டமாட்டார்கள். போர்டை மின்கழிவு எடுப்பவரிடம் எடைக்குப் போட்டுவிடு. மாடியில் அம்மாவின் வடகம் காயட்டும்.