சீன சினிமா வகுப்பில் லூ சுன் எதற்கு?

சினிமா படிக்க வந்தவர்களுக்கு முதலில் சீன எழுத்தாளர் லூ சுன்னை ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம், அவர் பார்த்த ஒரு ஸ்லைடு, அதாவது திரையில் காட்டிய அசையாத படம். 1906 வாக்கில் ஜப்பானின் செண்டாயில் மருத்துவம் படித்தபோது, ரஷ்ய-ஜப்பானியப் போர் பற்றிய ஸ்லைடுகளை வகுப்பிலேயே திரையில் காட்டினார்கள். உளவாளி என்று பிடிபட்ட ஒரு சீனரின் தலையை வெட்டப் போகிறார்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் சீனர்களே. உடம்பைவிட மனதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று படிப்பை விட்டதாக 1922இல் எழுதினார்.

அந்தப் படம் உண்மையில் இருந்ததா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைப் பற்றிய அவருடைய கவலை. அப்புறம் 1934இல் ருவான் லிங்யூ நடித்த ‘தி காடஸ்’ (The Goddess) என்ற ஷாங்காய் மௌனப்படத்தைப் பாருங்கள்: பாலியல் தொழில் செய்யும் தாயின் மகனைப் பள்ளியிலிருந்து வெளியேற்ற வைப்பது மற்ற பெற்றோர்களின் வம்புப் பேச்சுதான். லூ சுன் கவலைப்பட்ட அதே கூட்டம்தான் இங்கேயும்.