பிடில் மெட்டுகள் எதிலிருந்து பிறக்கின்றன? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்காட்லாந்துப் பிடில் மெட்டுகளில் பாதிக்கு மேல் 'மிஸ் இன்னார்', 'லேடி இன்னார்' என்றே பெயர். இயற்றியவர்களுக்கு இந்தப் பெண்கள்தான் தூண்டுதலா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அது காணிக்கை. நீல் கோ (1727–1807) அதோல் பிரபுக்களின் ஆதரவில் வாசித்தவர். வில்லியம் மார்ஷல் (1748–1833) கார்டன் பிரபுவின் மாளிகையில் பட்லராக இருந்து, பிறகு நிர்வாகியாக உயர்ந்தவர். கடிகாரம் செய்வதிலும் வல்லவர். மெட்டுப் புத்தகம் அச்சேற வேண்டுமானால் முன்கூட்டியே பணம் கட்டுகிறவர்கள் வேண்டும். அந்த வீட்டுப் பெண்களின் பெயரை மெட்டுக்கு வைப்பது அன்றைய மரியாதை. எனவே இப்படிப்பட்ட தலைப்பை வைத்து மெட்டின் மனநிலையைத் தீர்மானிக்காதீர்கள். எந்த நடனத்துக்கானது என்று பாருங்கள்: ரீலா, ஜிக்கா, ஸ்ட்ராத்ஸ்பேயா? வேகம், வில், அழுத்தம் எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மெட்டு இரண்டு பெயர்களில் உலவும். மார்ஷலின் மெட்டுகள் சில அவர் பெயரே இல்லாமல் கோ குடும்பத்தார் வெளியிட்ட தொகுப்புகளில் இடம்பெற்றிருக்கின்றன. மெட்டைத் தேடும்போது பெயரை நம்பாமல் முதல் இரண்டு பாரின் (தாள அளவின்) சுரங்களை ஒப்பிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் உண்மையான நிகழ்ச்சியிலிருந்து பிறந்த மெட்டுகளே இல்லையா?

பதில்: நிறைய உண்டு. அவற்றில் பல, நடனத்தை விட்டு விலகிய மெதுவான மெட்டுகள். 1799இல் பார்லியிலிருந்து விஸ்கி வடிக்கத் தடை வந்தபோது கோ விஸ்கிக்கு ஒரு பிரிவு மெட்டு இயற்றினார். இரண்டாம் மனைவி இறந்தபின் அவர் இயற்றிய இரங்கல் மெட்டுதான் இன்றும் அதிகம் வாசிக்கப்படுகிறது. ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927), தளபதி ஹெக்டர் மக்டானல்டு 1903இல் மறைந்தபோது அவருக்காக ஒரு மெட்டு எழுதினார்.

ஷெட்லாந்து தீவுகளின் டாம் ஆண்டர்சன் (1910–1991) விஷயத்தில் தூண்டுதல் இன்னும் துல்லியமாகத் தெரியும். 1969 ஜனவரி இறுதியில், பிறந்த ஊரான எஷனெஸ்ஸை விட்டுக் கிளம்பியவர் ஒரு மேட்டிலிருந்து திரும்பிப் பார்க்கிறார். சிறு வயதில் கண்ட வீட்டு விளக்குகளில் மிகச் சிலவே எரிகின்றன. அவையும் ஒவ்வொன்றாக அணைகின்றன. மனைவியை இழந்து அதிக நாள் ஆகவில்லை. 'அணைந்த விளக்கு' என்று பொருள்படும் தலைப்போடு அந்த மெட்டு பிறந்தது. விளக்கு அணைவதை 'வர்ணிக்கும்' சுரம் எதுவும் அதில் கிடையாது. தூண்டுதல் முடிவு செய்வது மெட்டின் வகையையும் நடையையும்தான். மற்றதை வழக்கமான வடிவம் பார்த்துக்கொள்கிறது.

அமெரிக்கப் பிடில் கலைஞர் ஜே அங்கர் 1982இல் இயற்றிய 'அஷோக்கன் ஃபேர்வெல்' கோடைக்கால இசை முகாம் முடிந்த வெறுமையிலிருந்து வந்தது. 1990இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படத்தில் ஒலித்ததால், 19ஆம் நூற்றாண்டு மெட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். ஸ்காட்லாந்து இரங்கல் மெட்டின் பாணியில் எழுதியதும் அதற்குக் காரணம்.

கேள்வி: இந்தச் சோக மெட்டுகள் எல்லாம் மேஜர் ஸ்கேலில் இருக்கின்றனவே! நம் சங்கராபரண சுரங்களில் சோகம் எப்படி வருகிறது?

பதில்: கோவின் இரங்கலும் அங்கரின் மெட்டும் டி மேஜர், ஸ்கின்னருடையது ஏ மேஜர். சோகம் ஸ்கேலில் இல்லை. மெட்டு காந்தாரத்திலும் தைவதத்திலும் தங்கும் நேரம், மேலே ஒரு தாவல் போய் படிப்படியாக இறங்கும் விதம், துணைக்கு வரும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) ஆகியவற்றில் இருக்கிறது. அங்கர் மெட்டில் டி மேஜருக்கு நடுவே வரும் பி மைனர் கார்டைக் கவனியுங்கள்.

கர்நாடக இசை கற்றவர்கள் இங்கே வழக்கமாகச் செய்யும் தவறு, நிஷாதத்தை அசைத்து ஷட்ஜத்தைத் தொடுவது. கித்தார் கார்டோடு சேரும்போது அது சுருதி விலகலாகக் கேட்கும். சுரத்தை நேராகப் பிடியுங்கள். உணர்ச்சியை வில் அழுத்தத்தில் காட்டுங்கள். நீண்ட சுரத்தின் முடிவில் வில் தீர்ந்துபோனால் காரணம் ஒன்றுதான்: முதல் பாதி நேரத்திலேயே முக்கால் வில்லைச் செலவழித்திருப்பீர்கள். மெட்ரோனோமை (தட்டு காட்டும் கருவி) 60இல் வைத்து, இரண்டாம் தட்டுக்கு வில்லின் நடுப்பகுதி, நான்காம் தட்டுக்கு நுனி என்று திறந்த தந்தியில் பழகுங்கள்.

கேள்வி: சொந்தமாக ஒரு ரீல் இயற்ற ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: வடிவத்தில். ஏ பகுதி 8 பார், திரும்ப ஒரு முறை, பி பகுதி 8 பார், அதுவும் இரண்டு முறை, மொத்தம் 32. பார்க்க நீளம். ஆனால் புதிதாக யோசிக்க வேண்டியது 10 பார்தான். ஏ பகுதியில் 1–2 கருத்து, 3–4 பதில், 5–6 முதல் இரண்டின் மறுபடி, 7–8 முடிவு. பி பகுதியில் நான்கு பார் புதிது. 5–6 அதன் தொடக்கமே. 7–8க்கு ஏ பகுதியின் முடிவை அப்படியே கொண்டுவரலாம். ஏ பகுதி கீழ்த் தந்திகளில், பி பகுதி மேலே இ தந்தியில் என்று வைத்தால் திருப்பம் தெளிவாகக் கேட்கும். முதல் பொசிஷனில் எட்டும் பி சுரத்துக்கு மேல் போகாதீர்கள். கை நகர்த்த வேண்டிய மெட்டைக் கூட்டமாக வாசிப்பவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பலர் தடுமாறுவது வில் கணக்கில். ரீலின் ஒரு பாரில் 8 குவேவர் (குறுஞ்சுரம்). ஒவ்வொன்றுக்கும் தனி வில் என்றால் அடுத்த பார் மறுபடி டவுன் போவில் (வில்லைக் கீழே இழுப்பது) தொடங்கும். இரண்டு சுரத்தை ஒரே வில்லில் சேர்த்தால் 7 வீச்சுதான். அடுத்த பார் அப் போவில் (வில்லை மேலே தள்ளுவது) தொடங்கி அழுத்தம் இடம் மாறிவிடும். அதே பாரில் இன்னொரு ஜோடியையும் சேருங்கள்: 6 வீச்சு, கணக்கு சரி. ஜிக்கில் 6 குவேவர். அங்கே மூன்று சுரத்தை ஒரு வில்லில் சேர்த்தால் 4 வீச்சு, அதுவும் சரி.

மழை என்றால் மழைச்சத்தம், ரயில் என்றால் ரயில்சத்தம் என்று போகாதீர்கள். அந்த அனுபவத்தில் உங்கள் உடம்புக்கு இருந்த நடையை மட்டும் எடுங்கள். மெட்டை போனில் பதிந்து, மறுநாள் கேட்காமலே வாசித்துப் பாருங்கள். நினைவில் நின்றதுதான் மெட்டு. நிறைய மெட்டு தெரிந்த இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டுவதும் அவசியம். எங்கோ கேட்டது உங்கள் கற்பனையாகத் திரும்பி வந்திருக்கலாம்.

கேள்வி: ஸ்ட்ராத்ஸ்பேயின் அந்த வெட்டு எனக்கு வரவில்லை.

பதில்: ஒரு தட்டை நான்காகப் பிரியுங்கள். முதல் கால் பங்கு ஒரு சுரம், மீதி முக்கால் பங்கு அடுத்த சுரம். பலர் இதை மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று மழுக்கிவிடுகிறார்கள்; உடனே ஜிக் சாயல் வந்துவிடும். வில்லின் மேல் பாதியில், மணிக்கட்டால் வாசியுங்கள். கோவின் புகழே வலுவான அப் போவில்தான். உங்களுக்கும் வெட்டு வராததற்குக் காரணம் அப் போ மெலிவாக இருப்பதாகத்தான் இருக்கும்.

கேள்வி: என் வயலின் 2 கட்டையில் (டி சுருதியில்) ச-ப-ச-ப. சுருதியை மாற்றாமல் இந்த மெட்டுகளை வாசிக்கலாமா?

பதில்: ஒரு வகை மெட்டுகளைத் தாராளமாக வாசிக்கலாம். பிடில்காரர்களே ஜி-டி-ஏ-இ சுருதியை விட்டு ஏ-இ-ஏ-இ என்று கூட்டும் வழக்கம் உண்டு. அது ஏ-வை ஷட்ஜமாகக் கொண்ட அதே ச-ப-ச-ப. அதற்கென்று இயற்றிய மெட்டுகள் உங்கள் விரல்களுக்கு அப்படியே பொருந்தும். பக்கத்துத் தந்தியைச் சேர்த்து இழுத்தால் தம்புரா போல் ஆதார சுருதியும் கிடைக்கும்.

ஜி-டி-ஏ-இக்கு எழுதியவை பொருந்தா. உங்கள் நடு இரண்டு தந்திகளுக்கு இடையே ப-ச, அதாவது ஒரு சுரம் குறைவான இடைவெளி. ஆகவே மேல் இரண்டு தந்திகளில் விரல் சரியாக இருந்தால் கீழ் இரண்டிலும் ஒரு சுரம் தவறும். 2 கட்டை வயலினையே ஏ-இ-ஏ-இக்கு ஏற்றவும் முயலாதீர்கள். ஒவ்வொரு தந்தியும் ஐந்தாம் சுரம் அளவுக்கு உயர வேண்டும். தந்தி அறும், பிருடையைத் திருகத் திருகக் குதிரையும் விரற்பலகைப் பக்கம் சாயும். இரண்டாவது வயலின் ஒன்றை ஜி-டி-ஏ-இயில் நிரந்தரமாக வையுங்கள். ஏ-இ-ஏ-இ மெட்டு வேண்டும்போது, அதில் கீழ்த் தந்திகளை உயர்த்துவதற்குப் பதில் மேல் இரண்டையும் ஒரு சுரம் இறக்கி ஜி-டி-ஜி-டி ஆக்கினால் தந்திக்கு ஆபத்தில்லை.