0-3 தோல்விக்குப் பிறகு: விங்கரைக் கொடுத்து சென்டர் பேக் வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியின் நிர்வாகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். போன வாரம் சொந்த மைதானத்தில் 0-3 என்று தோற்றோம். புள்ளிப் பட்டியலில் கடைசியிலிருந்து மூன்றாவது இடம். “ஜனவரியில் நம் விங்கரைக் கொடுத்துவிட்டு ஒரு சென்டர் பேக்கை (தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவரை) வாங்கிவிடலாம், கூடவே ஒரு வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரையும் பார்க்கலாம்” என்று மேலிடம் சொல்கிறது. விங்கருக்கு (ஓரத்தில் ஓடித் தாக்குபவர்) வயது 23, ஒப்பந்தம் இன்னும் ஒன்றரை ஆண்டு பாக்கி. நான் எந்த இடத்தில் தொடங்க வேண்டும்?

பதில்: மேலிடம் ஒரே பேரமாகப் பேசுவது காகிதத்தில் இரண்டு தனித்தனி டிரான்ஸ்பர் (கிளப் மாறுதல்). அமெரிக்காவின் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து), என்.பி.ஏ. (கூடைப்பந்து) லீக்குகளில் இரண்டு அணிகள் ஆள் மாற்றிக்கொண்டால் வீரரின் ஒப்பந்தமும் கூடவே போய்விடும். பெரும்பாலும் வீரரின் சம்மதம்கூடத் தேவைப்படாது. நம் கால்பந்தில் விங்கரும் ஒப்புக்கொள்ள வேண்டும், சென்டர் பேக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும். இருவரும் புது கிளப்போடு புது ஒப்பந்தம் போட வேண்டும். நான்கு தரப்பில் ஒருவர் தலையாட்ட மறுத்தாலும் பேரம் அங்கேயே நின்றுவிடும். நிற்பதோடு முடிந்தாலும் பரவாயில்லை. தன்னை விற்கப் பார்த்தார்கள் என்று தெரிந்துகொண்ட விங்கர் அடுத்த நாள் காலையில் உங்கள் பயிற்சிக்குத்தான் வருவார்.

அதனால் யாரோடும் பேசுவதற்கு முன், கடைசி ஆறு ஆட்டங்களின் வீடியோவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஓர் ஆட்டம் போதாது. அந்த 0-3-இல் ஒன்று பெனால்டியாக இருக்கலாம், ஒன்று 10 பேரோடு ஆடியபோது வாங்கியதாக இருக்கலாம். வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும், கோலாகாமல் தப்பிய ஒவ்வொரு பெரிய வாய்ப்புக்கும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: எத்தனையாவது நிமிடம், பந்தை எந்த இடத்தில் இழந்தோம், கடைசி பாஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ஓடும் ஆட்டத்திலா அல்லது கார்னர், ஃப்ரீ கிக்கிலா. எக்ஸ்.ஜி. கணக்கு (ஒவ்வொரு வாய்ப்பும் கோலாகும் சாத்தியத்தை மதிப்பிடும் எண்) கையில் இருந்தால் பெனால்டிகளைத் தனியாகக் கழித்துவிடுங்கள். ஒரு பெனால்டிக்கே ஏறக்குறைய 0.76 கோல் மதிப்பு விழும். இரண்டு பெனால்டி சேர்ந்தால் தடுப்பு வரிசை இருப்பதைவிட மிக மோசமாகத் தெரியும்.

இந்தத் தாள் நிரம்பியதும் சென்டர் பேக் தேவையா என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். கோல்கள் பெரும்பாலும் 75-ஆவது நிமிடத்துக்கு மேல் விழுந்திருந்தால் அது உடல்திறன் பிரச்சினை, மாற்று ஆட்டக்காரர் பிரச்சினை. சென்னையின் ஈரப்பதத்தில் இரவு ஆட்டமானாலும் சட்டை பிழிகிற அளவுக்கு வியர்க்கிறது. கடைசிக் கால் மணி நேரத்தில் மிட்ஃபீல்டு பின்னால் ஓடி வர முடியாமல் திணறும்போது, பழியைச் சுமப்பவர் சென்டர் பேக்தான். நடுக்களத்தில் பந்தை இழந்து எதிர்த்தாக்குதலில் வாங்கிய கோல்களே அதிகம் என்றால், அந்த நொடியில் உங்கள் இரண்டு ஃபுல் பேக்குகளும் (ஓரத் தடுப்பாட்டக்காரர்கள்) எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். இருவருமே எதிரணிப் பாதியில் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து யாரை வாங்கினாலும் அவர் வெட்டவெளியில் இரண்டு பேரைத் தனியாகத் துரத்துவார். ஒரு ஃபுல் பேக்கை நிறுத்தி வைப்பதற்கும், டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை இரண்டு சென்டர் பேக்குகளுக்கு நடுவே இறக்குவதற்கும் பணம் தேவையில்லை. பத்து நாள் பயிற்சி போதும். கார்னரில்தான் வாங்குகிறோம் என்றால் முதலில் யார் யாரை மார்க் செய்கிறார் என்பதை மாற்றிப் பாருங்கள்.

நிஜமாகவே ஆள் வாங்க வேண்டிய அறிகுறி வேறு. உங்கள் சென்டர் பேக் நேருக்கு நேர் ஓட்டத்தில் தொடர்ந்து பின்தங்குகிறார். அதற்குப் பயந்து தடுப்பு வரிசையே பத்து மீட்டர் பின்னால் நிற்கிறது. அதனால் மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவே எதிரணி இஷ்டத்துக்குப் பந்து வாங்குகிறது. இதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

ஆள் வாங்கும் முன் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்குச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. 2018 மார்ச்சில் பெங்களூருவை 3-2 என்று வென்று இரண்டாவது ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தூக்கிய சென்னையின் எஃப்.சி., அடுத்த பருவத்திலேயே பட்டியலின் அடிக்குப் போனது. 2019 ஜனவரியில் கேரளா பிளாஸ்டர்ஸிடமிருந்து சி.கே.வினீத் லோனில் (தற்காலிகமாக) வந்தார், ஆஸ்திரேலியரான கிறிஸ் ஹெர்ட் வந்தார். அணி கடைசி இடத்திலேயே முடித்தது. 2019-20-இலும் தொடக்கம் படுமோசம். அந்த முறை மாறியது பயிற்சியாளர்: ஜான் கிரிகரி விலகி, டிசம்பரில் ஓவன் கொய்ல் வந்தார். பெரும்பாலும் அதே ஆட்கள்தான், ஆனால் ஆட்டம் முன்னோக்கிப் போனது. ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். அணி இறுதிப்போட்டி வரை போய் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றது. பயிற்சியாளரை மாற்றுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கோளாறு ஆட்களிடமா, ஆடும் முறையிலா என்று பிரித்தறியாமல் சந்தைக்குப் போனால் ஜனவரி வீணாகும்.

இனி உங்கள் விங்கர். இந்த இடத்தில்தான் கவலையாக இருக்கிறது. லாலியன்சுவாலா சாங்டே 2022 ஜனவரியில் சென்னையிலிருந்து மும்பை சிட்டிக்குப் போனபோது அவருக்கு வயது 24. 2022-23-இல் அவர் ஐ.எஸ்.எல்.லின் சிறந்த வீரர், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஆண்டின் சிறந்த வீரரும் அவரே. 23, 24 வயது விங்கரின் கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து விற்காதீர்கள். அவர் உண்டாக்கிய வாய்ப்புகளை ஸ்ட்ரைக்கர் வீணடித்தாரா, அவருக்குப் பந்து எந்த இடத்தில் கிடைத்தது, காலியிடத்தில் ஓடியபோதா அல்லது நின்றபடி இரண்டு பேர் மறித்த பிறகா என்று பாருங்கள். நின்றபடியே வாங்குகிறார் என்றால் கோளாறு பந்து அனுப்புகிறவரிடம்.

ஒப்பந்தக் கணக்கும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதுதான் ஒரு வீரர் வேறு கிளப்போடு இலவசமாக முன் ஒப்பந்தம் போடலாம். ஒன்றரை ஆண்டு பாக்கி என்றால் அந்த நிலை வர இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது. பருவம் முடிந்த பிறகு திறக்கும் பெரிய விண்டோவிலும் (வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கும் காலம்) அவருக்கு விலை இருக்கும். இந்த ஜனவரியிலேயே விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கு இல்லை; பேரத்தில் எதிரில் உட்காருகிறவர்கள் அது இருப்பதுபோல் காட்டுவார்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே இடத்தில் ஆடுபவர்களை மாற்றுவதே சுத்தமான வழி. 2021 ஜனவரியில் லென்னி ரோட்ரிக்ஸ் எஃப்.சி. கோவாவிலிருந்து ஏ.டி.கே. மோகன் பகானுக்கும், கிளான் மார்ட்டின்ஸ் அங்கிருந்து கோவாவுக்கும் போனார்கள். இருவரும் நடுக்கள ஆட்டக்காரர்கள், அதனால் எந்த அணியிலும் புதிதாக ஓட்டை விழவில்லை. மோகன் பகான் இறுதிக்கும் கோவா அரையிறுதிக்கும் போயின. விங்கரைக் கொடுத்து சென்டர் பேக்கை வாங்கினால் பின்னால் இருக்கும் ஓட்டை முன்னால் நகரும், அவ்வளவுதான்.

பணத்தில் டிரான்ஸ்பர் தொகையை மட்டும் பார்க்க வேண்டாம். ஓர் எடுத்துக்காட்டு: விங்கரின் ஆண்டுச் சம்பளம் 60 லட்சம், பருவம் முடிய ஐந்து மாதம் இருக்கிறது என்று வைப்போம். இன்னும் கொடுக்க வேண்டியது 25 லட்சம். லோனில் அனுப்பி அந்த கிளப் 60 சதவீதம் ஏற்றால், உங்களுக்கு மிச்சமாவது 15 லட்சம். 10 லட்சத்தை எதிரணிக்கு ஆடுபவருக்காக நீங்களே கட்டுவீர்கள். வருகிற சென்டர் பேக்கின் ஏஜென்ட் இரண்டரை ஆண்டு ஒப்பந்தம் கேட்பார். ஐந்து மாத ஓட்டையை அடைக்க இரண்டரை ஆண்டுச் சம்பளம், ஏஜென்ட் கமிஷன், குடும்பத்தோடு வந்தால் வீட்டு அட்வான்ஸ், பருவ நடுவில் பிள்ளைக்குப் பள்ளி இடம் என்று எல்லாம் கணக்கில் சேர வேண்டும். லோனில் அவரை எடுத்து, விரும்பினால் வாங்கும் உரிமையைத் தொகையோடு முன்கூட்டியே எழுதிக்கொள்வது உங்கள் நிலைக்கு ஏற்றது.

காகித வேலையில் சறுக்குபவர்களே அதிகம். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கும் வீரரோடு பேசுவதற்கு முன் அவருடைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஏஜென்டோடு வாட்ஸ்அப்பில் பேசியது காப்பாற்றாது. ஒரு பருவத்தில் ஒருவர் மூன்று கிளப்பில் பதிவு செய்யலாம், ஆனால் பொதுவாக இரண்டு கிளப்புக்கு மட்டுமே அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். உங்களிடம் வருகிறவர் பருவத் தொடக்கத்தில் வேறெங்காவது பத்து நிமிடம் இறங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். மருத்துவப் பரிசோதனை கையெழுத்துக்கு முன்னால் முடிய வேண்டும். “பரிசோதனையில் தேறினால்தான் செல்லும்”, “விசா கிடைத்தால்தான் செல்லும்” என்று ஒப்பந்தத்தில் எழுத ஃபிஃபா அனுமதிப்பதில்லை. கையெழுத்திட்ட பிறகு முழங்கால் எம்.ஆர்.ஐ. மோசமாக வந்தால் சம்பளம் உங்கள் தலையில்.

உங்கள் கிளப்பின் கணக்கையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய வீரர் யாருக்காவது பாக்கி வைத்து, அது ஃபிஃபா வரை போயிருந்தால் புது வீரர்களைப் பதிவு செய்யவே தடை விழும். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருக்கும் வீரர், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். அப்படிப் போனால் விற்பனைத் தொகையும் கிடையாது.

வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் விஷயத்தில் முதல் கேள்வி இடம். ஐ.எஸ்.எல்.லில் பல பருவங்களாகக் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவருக்குத்தான் அனுமதி. உங்கள் போட்டியின் இந்தப் பருவ விதியைப் படித்து, அவர் இறங்கினால் எந்த வெளிநாட்டவர் உட்காருவார் என்று பயிற்சியாளரிடம் பெயரோடு கேளுங்கள். அடுத்தது நாட்கள். வேலை விசா, அவர் நாட்டுச் சங்கத்திலிருந்து சர்வதேச டிரான்ஸ்பர் சான்றிதழ், 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு. இவற்றோடு ஐரோப்பியக் குளிரிலிருந்து வருகிறவரின் உடல் நம் வெக்கைக்குப் பழகப் பத்து நாள் முதல் இரண்டு வாரம். மூன்று நான்கு வாரம் கரைந்தபின் எத்தனை ஆட்டம் மிஞ்சும் என்று அட்டவணையில் எண்ணுங்கள். ஐந்தோ ஆறோ என்றால் விட்டுவிடலாம். விண்டோ மூடுவதற்குள் ஒப்பந்தம் முடிந்து சும்மா இருக்கும் வீரரை, போட்டி விதி இடம் கொடுத்தால் விண்டோ மூடிய பிறகும் பதிவு செய்யலாம். அதனால் கடைசி நாள் இரவில் யாரையாவது பிடித்துப் போட வேண்டிய அவசியமில்லை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால்: விங்கரை வைத்துக்கொள்ளுங்கள். வீடியோத் தாள் சென்டர் பேக்கைத்தான் காட்டுகிறது என்றால், தன் கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், ஆனால் கடந்த 12 மாதத்தில் பெரிய காயம் இல்லாத ஒருவரை லோனில் கேளுங்கள். சம்பளத்தில் யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், காயமடைந்தால் சிகிச்சைச் செலவு யாருக்கு, தாய் கிளப்புக்கு எதிரான ஆட்டத்தில் அவர் இறங்குவது பற்றிப் போட்டி விதி என்ன சொல்கிறது என்ற மூன்றும் லோன் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். மேலிடத்தின் பேச்சு விங்கரின் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தால், பயிற்சியாளரை இந்த வாரமே அவரோடு உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.