இரண்டாவது டிஎன்எஸ் ஸ்டெப்னி அல்ல

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 40 கம்ப்யூட்டர்கள், ஒரு விண்டோஸ் டொமைன் சர்வர். டிஎச்சிபி (கம்ப்யூட்டர்களுக்குத் தானாக ஐபி எண் தருவது) வழியாக முதல் டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது) 192.168.1.10, அதாவது எங்கள் சர்வர்; இரண்டாவது கூகுளின் 8.8.8.8. இன்டர்நெட் ஓடுகிறது, ஆனால் தினமும் யாராவது ஒருவருக்கு ‘ஃபைல்ஸ்.ஆபீஸ்.லோக்கல்’ திறப்பதில்லை. ஐபி எண் போட்டால் திறக்கிறது. 8.8.8.8-க்குப் பதில் க்ளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: போட்டாலும் இதே கதைதான். கூகுள்மீது குற்றமில்லை, அந்த இடத்தில் வெளி டிஎன்எஸ் இருப்பதே தப்பு.

சர்வர் ஒரு நொடிபோல பதில் தராமல் இருந்தால் போதும், விண்டோஸ் அடுத்த முகவரியைக் கேட்கும். உங்கள் உள்பெயர் 8.8.8.8-க்கு எப்படித் தெரியும்? ‘அப்படியொரு பெயரே இல்லை’ என்று சொல்லிவிடும். அதுவும் ஒரு பதில்தான் என்பதால் விண்டோஸ் மறுபடி சர்வரிடம் போகாது. அந்த ‘இல்லை’யைக் கேஷிலும் (தற்காலிக நினைவில்) வைத்துக்கொள்ளும். சோதிக்க வேண்டுமா? டிஎன்எஸ்ஸை நேராகக் கேட்கும் கட்டளையான ‘என்எஸ்லுக்அப் ஃபைல்ஸ்.ஆபீஸ்.லோக்கல் 8.8.8.8’ என்று அடித்துப் பாருங்கள். வெறும் என்எஸ்லுக்அப் சரியாக வந்து பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) மட்டும் தோற்றால் குழம்ப வேண்டாம்: என்எஸ்லுக்அப் கேஷைப் பார்ப்பதில்லை.

டிஎன்எஸ் முகவரியைக் கொடுக்கும் டிஎச்சிபி ஆப்ஷன் 6-இல் 192.168.1.10 மட்டும் இருக்கட்டும். சர்வரின் சொந்த நெட்வொர்க் கார்டிலும் 8.8.8.8 ஒளிந்திருக்கும், எடுத்துவிடுங்கள். வெளி முகவரிகளுக்கு இடம் சர்வரின் டிஎன்எஸ் மேனேஜரில் உள்ள ஃபார்வர்டர்ஸ் பக்கம்; தனக்குத் தெரியாத பெயரைச் சர்வர் அவற்றிடம் கேட்கும். அங்கே 9.9.9.9, 149.112.112.112 என்ற க்வாட்9 (ஒரு பொது டிஎன்எஸ்) ஜோடியைப் போடலாம்; மோசடித் தளங்களை அது தடுக்கும். அதோடு 8.8.8.8-ஐக் கலந்தால் தடுப்பு ஒரு நேரம் இருக்கும், ஒரு நேரம் இருக்காது. வேகத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 40 பேருக்கும் சர்வரின் கேஷே பாதி வேலையைப் பார்த்துவிடும்.

பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ‘ஐபிகான்ஃபிக் /ரின்யூ’, ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’. விண்டோஸ் டிஎச்சிபியின் வழக்கமான லீஸ் (ஒரு ஐபி ஒதுக்கீடு செல்லும் காலம்) 8 நாள் என்பதால் தானாக மாறட்டும் என்று விட்டால் இழுக்கும். கையால் ஐபி கொடுத்த மெஷின்களைத் தனியே தேடிப் பிடியுங்கள்.

ஃபயர்வாலில் டிஎன்எஸ் போய்வரும் போர்ட் 53-க்கு யுடிபியோடு டிசிபியையும் (தகவல் அனுப்பும் இரு முறைகள்) திறந்துவிடுங்கள். பதில் பெரிதானால் டிசிபிக்குத்தான் தாவும். அடைத்திருந்தால் குறிப்பிட்ட சில தளங்கள் மட்டும் காரணமே தெரியாமல் திறக்காது.

சர்வரே படுத்துவிட்டால் 40 பேருக்கும் இன்டர்நெட் போகும், உண்மைதான். அதற்கு இன்னொரு டொமைன் கன்ட்ரோலரை (இதே போன்ற இரண்டாவது டொமைன் சர்வரை) அமைத்து, அதன் முகவரியை அந்த இரண்டாவது இடத்தில் கொடுங்கள்.