ஸ்டென்ட் வைத்த மறுநாள் ட்ரோபோனின் ஏன் கூடியிருக்கிறது?

ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கும் ஒரு புரதம். தசை காயப்பட்டால் அது ரத்தத்தில் கசியும். அதனால்தான் மாரடைப்பைக் கண்டறிய அதை அளக்கிறார்கள்.

சரி, ஆஞ்சியோபிளாஸ்டி என்பது இதய ரத்தக்குழாயில் பலூனை ஊதி, ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்து அடைப்பை நீக்கும் சிகிச்சைதானே, அதற்கு அப்புறம் ஏன் கூட வேண்டும்? பலூனை ஊதும் சில நொடிகள் அந்தக் குழாயில் ரத்த ஓட்டம் நிற்கிறது. கொழுப்புப் படிவின் துணுக்குகள் நுண்குழாய்களில் போய்ச் சிக்கலாம். சிறு கிளை ஒன்று ஸ்டென்ட்டால் மூடிக்கொள்ளலாம். சுவரில் ஆணி அடித்தால் கொஞ்சம் காரை உதிர்வது போலத்தான் இது. செங்கல்லே பெயர்ந்தால்தான் கவலை.

எது சிறு காயம், எது மாரடைப்பு என்ற எல்லைக்கு 2018-இல் வந்த சர்வதேச வரையறை ஒன்று உண்டு. சிகிச்சைக்கு முன்பு ட்ரோபோனின் இயல்பாக இருந்தவருக்கு, அது இயல்பு அளவின் மேல்வரம்பைப் போல 5 மடங்கைத் தாண்ட வேண்டும். கூடவே இசிஜி, எக்கோ அல்லது ஆஞ்சியோகிராமிலும் பாதிப்பு தெரிய வேண்டும். அப்போதுதான் அது மாரடைப்பு. பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்றால் 10 மடங்கு. பெரிய ஏற்றம், பின்னாளில் சிக்கல் வரும் வாய்ப்பையும் கூட்டிக் காட்டுகிறது. சிகிச்சைக்கு முன்பு எடுத்த அளவு இல்லாமல் மறுநாள் எண்ணை மட்டும் பார்ப்பது அரைகுறைக் கணக்கு. பலரும் தவறவிடுவது இதைத்தான்.

ட்ரோபோனின் கூடிவிட்டது என்பதாலேயே ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது என்று அர்த்தமில்லை. ஆனால் நெஞ்சுவலியும் சேர்ந்து இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.