காந்தத் துகளைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அல்சூர் சாருக்கு,

பிஎஸ்சி கெமிஸ்ட்ரி கடைசி வருஷம் படிக்கும் உங்கள் பொண்ணு, காந்தத் துகளால் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போகிறேன் என்கிறாள். இதற்கு யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

அவள் சொல்வது விளையாட்டு இல்லை. இரண்டு வகை இரும்பு உப்புகளைக் கரைத்து அம்மோனியா விட்டால், மேக்னடைட் என்ற கறுப்புப் பொடி படியும். துகள் சுமார் 20 நானோமீட்டருக்குள் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தால், காந்தம் வைத்தால் இழுபடும். காந்தத்தை எடுத்துவிட்டால் துகளின் காந்தத்தன்மை போய்விடும். வெறும் துகள் கட்டிதட்டும், அமிலத்தில் கரையும். அதனால்தான் சிலிக்கா, கைட்டோசான் என்று ஒரு பூச்சு. எந்த மாசைப் பிடிக்கும் என்பதையும் பெரும்பாலும் அந்தப் பூச்சே தீர்மானிக்கிறது. பிடித்ததும் காந்தத்தால் ஒதுக்கி எடுத்துவிடலாம். 2006-லேயே அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இந்த வழியில் தண்ணீரிலிருந்து ஆர்செனிக்கைப் பிரித்துக் காட்டினார்கள்.

ஆனால் அது சுத்தமான பீக்கர். நம்ம பெங்களூரு பெல்லந்தூர் ஏரியில் கலக்கும் சாக்கடையில் பாஸ்பேட்டும் கரிமக் கழிவும் முந்திக்கொண்டு துகளில் இடம் பிடித்துவிடும். இந்தத் துகளுக்கென்றே ஆள் எடுக்கும் கம்பெனிகள் இன்று குறைவு.

அதனால் 'நானோ' என்று பெயர் போட்ட எம்எஸ்சி வேண்டாம் என்பேன். எம்எஸ்சி கெமிஸ்ட்ரியே சேரட்டும், ப்ராஜெக்ட்டில் துகளை எடுத்துக்கொள்ளட்டும். ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் கெமிக்கல் சயின்சஸுக்குத் தாள் இருக்கிறது, நானோவுக்குத் தனித் தாள் இல்லை. நெட் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும். படிக்கும்போதே சம்பாத்தியம், சார்!

ஆராய்ச்சி பிடிக்கவில்லையா? பீன்யாவில் எலக்ட்ரோபிளேட்டிங் (உலோகப் பூச்சு) பட்டறைகளின் குரோமியக் கழிவு, அபார்ட்மெண்ட்களின் எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்), தண்ணீர்ப் பரிசோதனை லேப்கள் என்று வேலை ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆரம்பச் சம்பளத்தைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அங்கே கேட்பது அளக்கத் தெரியுமா என்பதைத்தான். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அவ்வளவு சின்ன அளவை ஐசிபி என்ற, தண்ணீரில் உள்ள தனிமங்களை அளக்கும் கருவியில் நம்பகமாக அளக்கப் பழகியவளுக்கு மதிப்பு உண்டு. சேரும் கல்லூரியில் மாணவர்களை அந்தக் கருவியைத் தொடவிடுவார்களா என்று விசாரியுங்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

எம்எஸ்சி நுழைவுத் தேர்வான ஐஐடி ஜாமுக்கு விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். பெங்களூரு ஐஐஎஸ்சியின் (இந்திய அறிவியல் கழகம்) ஒருங்கிணைந்த பிஎச்டிக்கும் அந்த மார்க்தான். இப்போதே பழைய கேள்வித்தாள்களை எடுத்து உட்காரச் சொல்லுங்கள்.